கூடைப்பந்தைத் தந்த நெய்ஸ்மித்

பார்க்கிங் பக்கத்தில் நிற்கும் கூடைப்பந்து வளையத்தைத் தினமும் கடந்து போகிறீர்கள். அதை எடுத்துவிட்டால் இன்னும் நான்கு கார் நிறுத்தலாம் என்று ஒரு பேச்சு இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த வளையம் ஏன் சரியாக 10 அடி உயரத்தில் இருக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா? 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்!

அந்தக் கைப்பிடியில் கூடை மாட்டியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1861இல் கனடாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தார். பள்ளியை விட்டு மரம் வெட்டும் வேலைக்குப் போனார். பிறகு திரும்பி வந்து படித்து, இறையியலும் முடித்தார். போதகராகப் போவார் என்று வீட்டார் நினைத்திருக்க, அவர் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ.வின் சிறிய பயிற்சிக் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியரானார்.

வெளியே கடுங்குளிர். உள்ளே தினமும் அதே டிரில்லைச் செய்து சலித்துப்போன 18 மாணவர்கள். இவர்களுக்கு உள்ளேயே ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கக் கல்லூரியில் அவருக்குக் கொடுத்த கெடு இரண்டு வாரம். கால்பந்தை உள்ளே ஆடவிட்டுப் பார்த்தார், அடிபட்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டால், யாரையும் பிடித்துத் தள்ளவேண்டிய அவசியமே வராது. இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால், பலம் காட்டி அடிக்க முடியாது. மெதுவாகத் தூக்கிப் போட்டால்தான் விழும். 13 விதிகளை எழுதினார். பெட்டிகள் கேட்டார், கட்டடப் பணியாளர் கொண்டுவந்தது பீச் பழக்கூடைகள். முதல் ஆட்டத்தில் மொத்தமே ஒரு கூடைதான் விழுந்தது!

கவனியுங்கள், இது சாம்பியன்களுக்காக உருவான ஆட்டம் அல்ல. சலித்துப்போன ஒரு வகுப்புக்காக உருவானது. நெய்ஸ்மித் இதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். வென்றவை 55, தோற்றவை 60. அந்த அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள பயிற்சியாளர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஒருவர்தான்! அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஆடவேண்டும், அதுதான் அவருக்கு முக்கியம்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்ந்தது. பயணச் செலவுக்குக் கூடைப்பந்து ரசிகர்களே பணம் திரட்டி, 74 வயது நெய்ஸ்மித்தை அனுப்பிவைத்தார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் மைதானத்தில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. மூன்று ஆண்டுகள் கழித்து, 1939 நவம்பரில் அவர் காலமானார்.