பாரிஸின் சிட்டுக்குருவி

எந்தப் பாட்டு எத்தனை இசைத்தட்டுக்கள் விலையாயிற்று என்று வாரந்தோறும் எண்ணிப் பட்டியலிடும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. பிரஞ்சு தேசத்தில், உண்மையான விற்பனையை எண்ணி, ஐம்பது பாட்டுக்கள் கொண்ட தேசியப் பட்டியல் 1984-ஆம் ஆண்டிலேதான் வெளிவரலாயிற்று. அதற்கு இருபத்தோராண்டுகளுக்கு முன்னரே மறைந்தவர் எதித் பியாப் அம்மையார். ஆயினும் அவர்தம் தட்டுக்கள் இன்றும் விலையாகின்றன. அவரது சரிதையைச் சிறிது நோக்குவோம்.

இவர் 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி பாரிஸ் மாநகரில் பிறந்தார். இயற்பெயர் எதித் ஜொவான்னா காஸியோன். தந்தையார் தெருவில் வித்தை காட்டுபவர். தாயார் தெருப் பாடகி. தாயார் கைவிட, தந்தையார் போர்க்களத்திருக்க, நார்மண்டியிலிருந்த பாட்டியார் இல்லத்தில் இக்குழந்தை வளர்ந்தது. அது குழவியொன்று வளர்தற்குத் தக்க இல்லமன்று என்று மட்டும் கூறி அப்பாற் செல்கின்றோம். பின்னர்த் தந்தையாருடன் ஊர் ஊராகச் சென்று பாடிக் காசு தண்டினார். பதினேழாம் வயதிலே தாயானார். அப்பெண் மகவும் இரண்டே வயதில், 1935-ஆம் ஆண்டில், மூளைக்காய்ச்சலால் இறந்தது.

அவ்வாண்டிலேயே லூயி லெப்ளே என்னும் கேளிக்கை மண்டபத் தலைவர் தெருவில் அவர் பாடக் கேட்டு வியந்து, தம் மண்டபத்தில் பாடச் செய்தார். சிறிய உருவங் கண்டு, சிட்டுக்குருவி எனப் பொருள்படும் பியாப் என்ற பெயரையும் சூட்டினார். மறு ஆண்டே லெப்ளே கொலையுண்டார். போலீசார் பியாபையும் விசாரித்தனர். குற்றம் யாதுமில்லையெனினும் பழிச்சொல் ஓயவில்லை. ரேமோன் அஸ்ஸோ என்னும் கவிஞரே அவரை மீண்டும் மேடைக்குரியவராக்கினார்.

தாமே சொல் அமைத்த ‘லா வி ஆன் ரோஸ்’ என்னும் பாட்டு 1947-ல் தட்டில் வெளிவந்து கடல் கடந்தும் பரவியது. 1949 அக்டோபரில், நியூயார்க்கிலிருந்த அவரைக் காண விரைந்த குத்துச்சண்டை வீரர் மார்ஸெல் ஸெர்தான் விமான விபத்தில் மாண்டார். அவ்விரவும் பியாப் மேடையேறிப் பாடினார். அதனை மனவுறுதி என்பதா, வேறு புகலின்மை என்பதா, நாம் அறியோம். 1951-ல் மோட்டார் விபத்துக்களில் அடிபட்டார். நோவு தீரக் கொண்ட மருந்தே பின் நோயாயிற்று.

1960-ல் ஒலிம்பியா என்னும் புகழ்பெற்ற பாரிஸ் அரங்கம் கடனில் மூழ்கிற்று. அதன் தலைவர் புரூனோ கோக்கத்ரிக்ஸ் பியாபையே நம்பியிருந்தார். பியாபோ நிற்கவும் வலியற்றிருந்தார். அக்டோபர் மாதத்தில் ஷார்ல் துயுமோன் என்னும் இளைஞர், தாம் இசையமைத்த பாட்டொன்றைக் கொணர்ந்தார். முன்னர் அவரைப் புறக்கணித்திருந்த பியாப் அன்றும் மனமின்றியே செவிசாய்த்தார். கேட்டபின் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொன்னார். கழிந்தது எதற்கும் வருந்தேன் என்னும் கருத்தமைந்த அப்பாட்டைக் கொண்டே அவ்வாண்டிறுதியில் ஒலிம்பியா மேடை ஏறினார். பல வாரங்கள் அரங்கம் நிரம்பி வழிந்தது; கடன் தொல்லையினின்று அரங்கம் தப்பியது. அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்த இசைத்தட்டும் மிகுதியாய் விலையாயிற்று. தப்பாதது அவர் உடலே.

1963 அக்டோபர் 10-ந் தேதி, நாற்பத்தேழாம் வயதில், ஈரல் நோயால் உயிர் நீத்தார். மணவிலக்குப் பெற்றவரென்பது முதலிய காரணம் பற்றி, கத்தோலிக்கத் திருச்சபை அடக்கத் திருப்பலியை மறுத்தது. பாரிஸ் மக்களோ ஆயிரமாயிரமாய்த் தெருக்களில் திரண்டு, பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை அவரை வழியனுப்பினர். மறுக்கப்பட்ட அத்திருப்பலி, ஐம்பதாண்டுகள் கழித்து, 2013-ஆம் ஆண்டு அதே அக்டோபர் 10-ந் தேதி, அவர் பிறந்த பெல்வில் பகுதியின் ஆலயத்தில் நிறைவேற்றப்பட்டது.