வீடு தேடி வந்த மாத்திரை

வீங்கிய காலுடன் திண்ணையில் முடங்கியவர்களைக் காரைக்காலில் என் இளமையில் கண்டிருக்கிறேன். பின்னாளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து, யானைக்கால் நோயைத் தடுக்கும் டிஇசி மாத்திரை வழங்கினர். அதன் பின்னே இருந்தவர் எல்லாப்பிரகதா சுப்பாராவ் என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன்.

1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார்.

ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் இணைந்து, உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரானார். ஆயினும் அங்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. பின்னர் லெடர்லே நிறுவனத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அவருடைய உடன்பிறந்தோர் இருவரைப் பலிகொண்ட ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. மரபுப்பொருளான டிஎன்ஏ உருவாக அவ்வமிலம் தேவை. அதன் செயலை முடக்கும் அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகச் சிறிது காலம் தணித்துக் காட்டியது. டிஇசியும் 1947இல் அக்குழுவின் ஆய்விலிருந்தே வந்தது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், நோபல் பரிசு பெறாமலே மறைந்தார். பரிசு கிட்டாததைவிட, ஆடையைக் கண்டு மறுக்கப்பட்ட அந்தப் பட்டமே என்னை உறுத்துகிறது. மதிப்பெண் இடும் பேனாவை நானும் பல்லாண்டு பிடித்தவன்.