உலோகத்தில் விழுந்த பொறி

பிராணவாயுவைக் கண்டறிந்தவர் என்ற அளவில் ஜோஸப் பிரீஸ்ட்லியின் பெயரைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்கு ஆறு வருஷம் முன்னரே உலோகத் தகட்டின்மீது அவர் கண்டெழுதிய சிறு வடுக்களை அறிந்தவர் சிலரே. உளிக்கு இணங்காத உலோகங்களை மின்பொறியால் குடையும் இன்றைய தொழிலுக்கு அந்த வடுக்களே ஆதியாகும்.

பிரீஸ்ட்லி 1733-ம் வருஷம் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் நெசவுத் தொழில் சார்ந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து அத்தையிடம் வளர்ந்தார். பேச்சிலே திக்கல் வேறு. ராஜாங்கத் திருச்சபையை ஏற்காதவர்கள் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற முடியாத காலம் அது. ஆகவே தம் வகுப்பார் நடத்திய கலாசாலையில் பயின்று போதகரானார். பின்பு வாரிங்டனில் உபாத்தியாயராகவும் இருந்தார். பெஞ்சமின் பிராங்க்ளினின் நட்பு அவரை மின்சார ஆராய்ச்சியில் ஊக்கியது. 1767-ல் அச்சாஸ்திரத்தின் சரித்திரத்தையே எழுதி வெளியிட்டார்.

மின்சக்தியைச் சேமிக்கும் லெய்டன் ஜாடிகள் பலவற்றை இணைத்து, அச்சக்தி முழுவதையும் ஒரே கணத்தில் உலோகப் பரப்பில் பாயவிட்டார். பொறி தாக்கிய இடத்தில் உலோகம் உருகி நுண்குழிகள் விழுந்தன. அவற்றைச் சுற்றி வானவில்லின் நிறங்களோடு வளையங்கள் தோன்றின. 1768-ல் ராயல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரைக்கு வளையங்களையே தலைப்பாக்கினார். குழிகளால் ஒரு தொழில் பிறக்கும் என்று அன்று எவர் கண்டார்?

அதற்கு 175 வருஷங்கள் சென்றன. 1943-ல், உலக யுத்தத்தின் நடுவே, ஸோவியத் விஞ்ஞானிகளான லாஸரெங்கோ தம்பதிகள், மின் விசைகளின் டங்ஸ்டன் முனைகள் பொறியால் தேய்வதைத் தடுக்க முயன்றார்கள். தேய்வு நிற்கவில்லை. ஆனால் எண்ணெயில் அமிழ்த்தியபோது அது கட்டுக்குள் வந்தது. கேட்டையே கருவியாக்கிக் கொண்டார்கள்! கருவிமுனை உலோகத்தைத் தொடுவதே இல்லை. இடையிலுள்ள மிகச் சிறிய சந்தில் பொறி பாய்கிறது. ஆயிரக்கணக்கான டிகிரி உஷ்ணத்தில் அணுவளவு உலோகம் உருகி அகல, எண்ணெய் அதை அடித்துச் செல்கிறது. மின்சாரம் பாயும் உலோகமானால் போதும். அதன் கடினம் பொறிக்கு ஒரு பொருட்டல்ல. டைட்டேனியக் கலவையும், ஆகாய விமான இயந்திரத்துக்குரிய நிக்கல் கலவையும் இதற்கு வசப்படுகின்றன. பொறியின் சக்தியை மிகக் குறைத்தால் மயிரினும் மெல்லிய துளையும் போடலாம். 1968-ல் ஜப்பானில், மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனமுள்ள கார்பைடுத் தகட்டில் அத்தகைய துளை இட்டார்கள். வேலை மெதுவானதுதான். கருவிமுனையும் கூடவே தேய்கிறது. துளை நுண்ணியதாக ஆக அத்தேய்வே பெருந்தொல்லை.

இத்தகைய ஆராய்ச்சியாளருக்குத் தாய்நாடு செய்த மரியாதை என்ன? பிரெஞ்சுப் புரட்சியை அவர் ஆதரித்தார். மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காக வாதாடினார். 1791 ஜூலை 14-ல், பாஸ்டில் சிறை வீழ்ந்த ஆண்டுநிறைவு விருந்து பர்மிங்ஹாமில் நடந்தது. அவர் அதற்குச் செல்லவுமில்லை. ஆயினும் திருச்சபையின் பேராலும் அரசன் பேராலும் கூவி வந்த கும்பல் அவர் வீட்டையும், நூல்களையும், ஆராய்ச்சிக் கருவிகளையும் அழித்தது. அதிகாரத்துக்கு அஞ்சாத அவரும் பழைய ரசாயனக் கொள்கையொன்றைக் கடைசிவரை விடவில்லை என்பது விந்தையே. தாம் கண்ட பிராணவாயுவின் உண்மைப் பொருளைப் பாரிஸிலிருந்த லவாஸியர் விளக்கியும் அவர் இசையவில்லை.

1794-ல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். பென்ஸில்வேனியாவில் நார்தம்பர்லாண்டு என்னும் சிற்றூரில் அறுபது வயதுக்கு மேல் மீண்டும் ஓர் ஆராய்ச்சிசாலை அமைத்தார். 1804 பிப்ரவரி 6-ல் அங்கேயே காலமானார்.