சிறைக்குப் பின்னும் சிரிக்க வைத்த கலைவாணர்

தமிழ்ப் படத்தில் தேயிலைத் தோட்டம் 1936-லேயே வந்துவிட்டது என்றால் மாணவர்கள் பலர் நம்பமாட்டீர்கள். அந்த ஆண்டு வெளிவந்த ‘சதி லீலாவதி’யின் நாயகன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்வான். நம் கேமரன் மலையில் அப்போதுதான் தேயிலை வேர்பிடித்துக் கொண்டிருந்தது. போ தோட்டம் தொடங்கியது 1929-ல். லெம்பா பெர்த்தாமில் தேயிலைச் சரிவுகளைப் பார்த்தே வளர்ந்த நான், பழைய தமிழ்ப் படங்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியதே இந்தத் தோட்டக் கதையால்தான்.

அந்தப் படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் திரையில் தோன்றியதும் அதில்தான். ஆனால் நான் எழுத வந்தது அதே படத்தில் நடித்த இன்னோர் இளைஞரைப் பற்றி. அவர் பெயர் என்.எஸ். கிருஷ்ணன். பிற்காலத்தில் நாடே அவரைக் கலைவாணர் என்று அழைத்தது.

1908 நவம்பர் 29-ல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஏழைக் குடும்பம். படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போன பையனுக்கு விற்பனையைவிட மேடையில் நடப்பதில்தான் கண். அவர் ஊர்ப்பக்கத்துக் கலையான வில்லுப்பாட்டும் சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்டது. பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அந்தக் காலத்துப் ‘பாய்ஸ் கம்பெனி’ பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சிறுவர்களே எல்லா வேடமும் கட்டுவார்கள். ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். பாட்டு, வசனம், நடை, உச்சரிப்பு எல்லாம் வாத்தியாரிடம் அடி வாங்கிக் கற்றுக்கொள்வதுதான். ஒருவர் நோயில் படுத்தால் அன்றிரவு அவர் வேடத்தை இன்னொருவர் கட்டவேண்டும். அதனால் எல்லாருடைய பாடமும் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும். தமிழ் சினிமாவின் முதல் தலைமுறை நடிகர்கள் பலருக்கு இதுவே பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாம்.

திரைக்கு வந்த கிருஷ்ணன் ஒரு புது வழி கண்டார். நகைச்சுவைப் பகுதியைத் தாமே யோசித்து, டி.எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி போன்றோர் அடங்கிய தம் குழுவை வைத்துத் தனியாகப் படமாக்கி, முழுப் படத்தோடு சேர்த்துவிடுவார். கதை ராஜா ராணி கதையாக இருக்கும். நடுவில் இவர் பகுதியில் மட்டும் குடி, மூடநம்பிக்கை, சாதிப் பெருமை எல்லாம் கிண்டலுக்கு உள்ளாகும். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘சகுந்தலை’ (1940) புராணக் கதைதான். அதிலும் இவரும் துரைராஜும் மீனவர்களாக வந்து கொட்டகையைக் குலுங்கவைத்தார்கள். நொண்டி, குருடு, குள்ளம் என்று அடுத்தவர் உடலைக் காட்டிச் சிரிக்கவைக்கும் இன்றைய சில ‘காமெடி’களைப் பார்க்கும்போது இவர் நினைவுதான் வருகிறது. இவர் பெரும்பாலும் தம்மையே முட்டாளாக்கிக் கொள்வார்.

1936-ல் ‘வசந்தசேனா’ படத்தின்போது டி.ஏ. மதுரம் அறிமுகமானார். திரையில் ஜோடி, பிறகு வாழ்க்கையிலும் ஜோடி. கிருஷ்ணனுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது என்பது மதுரத்துக்குப் பின்னால்தான் தெரிந்தது. பெரிய மனிதர்களின் வரலாற்றில் இத்தகைய இடங்களைத் தாண்டிக் குதிப்பது நம் வழக்கம். நான் தாண்டவில்லை. மதுரம் இல்லாமல் இந்தக் கதையின் பிற்பாதியே இல்லை என்பது அடுத்து வருவதைப் படித்தால் புரியும்.

லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதியே பிழைத்தவர். ‘சினிமா தூது’ நின்றதும் ‘இந்து நேசன்’ நடத்தினார். இன்று திறன்பேசியில் ஓடும் வதந்திகளுக்கு அவரை ஒரு முன்னோடி எனலாம். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள்; மறுநாள் இறந்தார். அந்த வழக்கில், ‘ஹரிதாஸ்’ வெளிவந்து புகழின் உச்சியில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரிகளில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்றார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது.

அன்று அதற்கு மேல் இருந்த ஒரே கதவு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். அங்கே வழக்கு நடத்தப் பணம் வேண்டும். வீட்டில் அழுதுகொண்டிருக்கவில்லை மதுரம். எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். கணவரின் பெயரைத் தாங்கிய குழு, கணவர் சிறையில் இருக்கும்போதே மேடையேறியது. பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பியனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையானார்கள். சிறையில் கழிந்தது இரண்டு ஆண்டுக்கும் மேல்.

வெளியே வந்த இருவருக்கும் நேர்ந்ததை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பாகவதரின் பழைய ஒளி திரும்பவில்லை. அடுத்தடுத்த படங்கள் தோற்றன. கிருஷ்ணனுக்கோ நாடகக் குழு தயாராகக் காத்திருந்தது. மதுரம் மேடையேற்றிய ‘பைத்தியக்காரன்’ படமாகிக் கொண்டிருந்தபோதே அவர் வெளியே வந்ததால், அதில் அவருக்கும் ஒரு வேடம் கிடைத்தது. ரசிகர்கள் சிரித்தார்கள். கொலைப்பழி சுமந்து வந்த ஒருவரின் நகைச்சுவைக்குக் கூட்டம் சிரித்தது சாதாரண விஷயமா?

1949-ல் ‘நல்லதம்பி’ வந்தது. ஹாலிவுட்டில் கேரி கூப்பர் நடித்த ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ படத்தைத் தழுவி அண்ணாதுரை எழுதிய கதை. மதுவிலக்குப் பிரசாரம் சில இடங்களில் இழுவைதான். இன்று பார்த்தால் கொட்டாவி வரலாம். ஆனால் நடுவில் வரும் கிந்தனார் கதாகாலட்சேபம் ஒன்றே போதும். எழுதியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் சிதம்பரம் போகத் தவித்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே அச்சில், தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளை கிந்தன் நகரத்துக்குப் போய்ப் படிக்கத் தவிக்கிறான். பக்தனுக்குக் கோயில் போல இவனுக்குப் பள்ளிக்கூடம். ரயிலேறிப் போய்ப் படித்து முன்னேறுகிறான்.

கொழுந்து பறித்தே காலம் கழித்த என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய படங்கள்தாம் அவர் படித்த புத்தகம். கிந்தன் கதையை அவர் முழுவதுமாகச் சொல்லுவார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ரிங்லெட்டில் தாப்பா பேருந்துக்காகப் பெட்டியோடு நின்றபோது பாட்டி என்னைக் கிந்தன் என்றுதான் கேலி செய்தார். அப்போது வெட்கமாக இருந்தது.

பிறகு கிருஷ்ணன் இயக்கத்திலும் இறங்கினார். 1951-ல் ‘மணமகள்’, பத்மினிக்குப் பெரிய வாய்ப்பு. 1952-ல் ‘பணம்’, சிவாஜி கணேசனின் தொடக்கப் படங்களுள் ஒன்று. அதே 1951-ல் சோவியத் நாட்டுக்கும் போய் வந்தார். கலைவாணர் என்ற பட்டத்தைச் சூட்டியவர் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார்.

கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார், கையில் இல்லாதபோதும் கொடுத்தார் என்று பல கதைகள் உண்டு. வள்ளல் என்று புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தே கரைந்த வீட்டில் மிச்சத்தை வைத்துச் சமாளித்தவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1957 ஆகஸ்ட் 30-ல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். வயது 48. சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தார். அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணா நோயுற்றிருந்தார். சில வாரங்களில் அவரும் மறைந்தார். மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

கலைவாணரைப் பார்த்ததே இல்லை என்பவர்கள் ‘ராஜா ராணி’ (1956) படத்தில் வரும் சிரிப்புப் பாட்டிலிருந்து தொடங்கலாம். ஆணவச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சிரித்துக் காட்டுவார். அவர் இறப்பதற்கு ஓராண்டுக்கு முந்தைய படம் அது.