சட்டப் பேராசான் தம்பையா நடராசா

நாயாற்றங்கரையிலே பங்குக் காணியொன்று விலைக்கு வருமாயின், அதனை வாங்கும் முதலுரிமை உடன்பங்காளருக்கா அன்றிப் பிறர்க்கா என்னும் வினா எழுவதுண்டு. அதற்கு விடை கூறுவது தேசவழமை. அவ்வழமை எவ்வாறு சட்டமாயிற்று என்பதை அறிந்தோர் எம்முள் மிகச் சிலரே. அவ்வரலாற்றை இலங்கைச் சட்டவரலாறு முழுவதோடும் சேர்த்து ஆராய்ந்த பேரறிஞர், பேராசிரியர் தம்பையா நடராசா அவர்கள். அன்னாரின் வாழ்வை எம் மாணவர் அறிதல் நன்று.

1917ஆம் ஆண்டிற் பிறந்த நடராசா அவர்கள், கொழும்பு றோயல் கல்லூரியிற் கற்று, இங்கிலாந்து சென்று கேம்பிறிட்ஜ் திரினிற்றிக் கல்லூரியிற் பயின்றார். கலாநிதிப் பட்டமும் பெற்றார். இலிங்கன்ஸ் இன்னிலே பாரிஸ்டராகவும் ஆயினார். நீதிமன்றஞ் சென்று பெரும்பொருள் ஈட்டும் வழி திறந்தேயிருந்தது. எனினும் அவர் தம் வாழ்நாளை ஒப்படைத்தது ஆசிரியத் தொழிலுக்கே.

இலங்கைப் பல்கலைக்கழகத்திலே சட்டத்துறை 1947இலேதான் தோன்றிற்று. அதுகாறும் இந்நாட்டிற் சட்டம் தொழிலுக்கான பயிற்சியாகவே பெரிதும் கருதப்பட்டது. அதனை ஆழ்ந்த கல்வியாக வளர்த்தெடுத்தவருள் நடராசா அவர்கள் முன்னிற்பவர். பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்து, பின்னாளில் நீதியரசராயும் வழக்கறிஞராயும் விளங்கிய பலரை அவர் உருவாக்கினார்.

1949இல் அவரது முதற் பெருநூல் வெளிவந்தது. ஒருவர் தம் சொத்தை மகனுக்கு விட்டு, அவன் அதனை விற்காது பேரனுக்குச் சேர்ப்பிக்கவேண்டுமெனக் கட்டுப்படுத்தும் முறை உரோம ஒல்லாந்தச் சட்டத்திலே உண்டு. பிடைக்கொமிசம் என வழங்கும் அம்முறை இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் வழங்கியவாற்றை அந்நூல் விரித்துரைத்தது. ஆயின் 1972இலே இலங்கைச் சட்டமன்றம் அம்முறையை ஒழித்துவிட்டது. பல்லாண்டுழைத்துக் கற்ற சட்டம் ஒருநாளில் இல்லையாயிற்று!

அதே 1972இலே அவரது இரண்டாம் பெருநூல், இலங்கையின் சட்ட அமைப்பை அதன் வரலாற்றுப் பின்னணியில் ஆராய்வது, ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. உரோம ஒல்லாந்தச் சட்டம், ஆங்கிலச் சட்டம், கண்டியர் சட்டம், முஸ்லிம் சட்டம், தேசவழமை ஆகிய யாவும் ஒரு நாட்டிலே அருகருகே வாழ நேர்ந்த காரணத்தை அது காட்டுகின்றது. 1707இலே ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஈசாக் தொகுத்து, தமிழ் முதலியார் பன்னிருவர் பார்த்து ஒப்பிய தேசவழமை, 1806இல் ஆங்கிலேயராலும் சட்டமாக ஏற்கப்பட்டது. எனவே அது பிறர் இரங்கி அளித்த சலுகையன்று. மக்களின் வழக்கிற் பிறந்து அரசுகளால் ஏற்கப்பட்ட சட்டமாகும். விதிகள் மாறலாம், ஒழியலாம். அவை பிறந்த காரணத்தை அறிந்தவனே மாற்றத்தின் நன்மை தீமையை எடைபோட வல்லவன். நடராசா அவர்களின் உழைப்பிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே.

முதுமையிலும் அவர் ஓய்ந்தாரல்லர். போர் சூழ்ந்த காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். வன்னிப் பிள்ளைகள் பலருக்கும் பட்டமளித்த கழகம் அது. சைவப் பற்று மிக்க அவர், கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் தருமகர்த்தாவாகவும் தொண்டாற்றினார். 2004ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார்.

சட்டங் கற்க விரும்பும் எம் மாணவர்காள்! விதியை மனனஞ் செய்தலோடு அமையாது, அதன் வேரையும் தேடுவீராக. பேராசானுக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவேயாகும்.