பாலையைப் பாலை என்றவர்: கிரிஃபித் டெய்லர்

ஆஸ்திரேலியாவால் எத்தனை மக்களைத் தாங்க முடியும்? சிட்னியிலும் மெல்பர்னிலும் வீட்டு விலையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் விவாதிக்கப்படும் போதெல்லாம் எழும் இக்கேள்விக்கு, ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை கூறி, அதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவர் புவியியலாளர் தாமஸ் கிரிஃபித் டெய்லர்.

1880ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த டெய்லர், 1893இல் பெற்றோருடன் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். சிட்னி பல்கலைக்கழகத்திலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் கல்வி பயின்றார். மெல்பர்னில் தலைமையகம் கொண்டிருந்த வானிலை ஆய்வு மையத்தில் 1910இல் பணியில் சேர்ந்தார். அதே ஆண்டு புறப்பட்ட ராபர்ட் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் நிலவியலாளராகப் பங்கேற்றார். துருவத்தை நோக்கிச் சென்று திரும்பாமல் போன குழுவில் அவர் இடம்பெறவில்லை.

வானிலை மையத்தில் மழையளவையும் வெப்பநிலையையும் நிலத்தின் தன்மையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த அவர், கண்டத்தின் உட்பகுதியில் பெரும்பாலானவை குடியேற்றத்துக்கு ஏற்றவையல்ல என்ற முடிவுக்கு வந்தார். 1920இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் புவியியல் துறையைத் தொடங்கிய பின்னரும் இதனையே வலியுறுத்தினார்.

அக்காலச் சூழலோ வேறாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் வளத்துக்கு எல்லையே இல்லை என்று போற்றும் எட்வின் பிரேடியின் பெருநூல் 1918இல் வெளியாகியிருந்தது. பல கோடி மக்களைக் குடியேற்றலாம் என்று அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் பேசிவந்தன. டெய்லரோ, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியாகவே இருக்கும் என்றார். நாட்டுப்பற்று அற்றவர் என்று அவர் தூற்றப்பட்டார். வறண்ட நிலம், பாலைவனம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தியதற்காக அவரது பாடநூல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தடை செய்யப்பட்டது.

1928இல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1935இல் டொரொண்டோவில் கனடாவின் முதலாவது பல்கலைக்கழகப் புவியியல் துறையை நிறுவினார். 1951இல் சிட்னி திரும்பிய அவர், 1963இல் காலமானார்.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 90 இலட்சமாக இருந்தது. கணிப்பு பலித்தது உண்மையே. ஆயினும் எண் பொருந்தியதால் மட்டுமே கோட்பாடு முழுவதும் சரியாகிவிடாது. இன்று அந்நாட்டின் மக்கள்தொகை 2 கோடியே 70 இலட்சத்தைக் கடந்துள்ளது. வேளாண்மையை விடச் சேவைத் துறைகளும் குடியேற்றக் கொள்கையுமே நகரங்களின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. அதேவேளை, அவர் சுட்டிக்காட்டிய உட்பகுதிகள் இன்றும் பெரும்பாலும் ஆளரவமற்றே உள்ளன.

இயற்கை பாதையை வகுக்கிறது, மனிதன் போக்குவரத்துக் காவலரைப் போல வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஆனால் திசையை மாற்ற இயலாது என்பது அவரது பிற்காலக் கோட்பாடு. இது அளவுக்கு மீறிய எளிமைப்படுத்தல் என்று பல அறிஞர்கள் மறுத்தனர்.

மனித இனங்களைத் தலையோட்டு அளவுகளால் தரம் பிரித்த அவரது ஆய்வுகளை இன்றைய அறிவியல் நிராகரித்துவிட்டது. ஆனால் அதே ஆய்வுகளின் வழியாகவே, வெள்ளையர் மட்டும் குடியேறலாம் என்ற கொள்கைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றும் அவர் வாதிட்டார். அக்கொள்கை 1973இல் முற்றாகக் கைவிடப்பட்ட பின்னரே தமிழர்கள் பெருமளவில் அங்கு குடியேற முடிந்தது.

பாலையையும் ஒரு திணையாக ஏற்று வாழ்வைப் பகுத்த மரபு தமிழருடையது. நிலத்தின் எல்லையை அறிந்த பின்னரே வளர்ச்சியைத் திட்டமிட வேண்டும் என்ற டெய்லரின் கருத்து, அவர்களுக்கு அந்நியமானதல்ல.