செங்கோட்டை ரயில் பாதையில் ஒரு கணித மேதை



விருதுநகரில் செங்கோட்டை ரயில் ஏறி, சிவகாசி, ராஜபாளையம், தென்காசி வழியாகக் குற்றால சீசனுக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அந்தக் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் என்றொரு ஊர். அங்கே 1901 ஏப்ரல் 5ல் பிறந்தவர்தான் கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. இராமானுஜனைத் தெரிந்த அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது. நானே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் தகப்பனாரும் போய்விட்டார். நம்ம பக்கம் அப்படி ஆனால் பையன் என்ன செய்வான்? தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போவான். அப்படிப் போனவன் ஒருத்தன் என் பள்ளித் தோழனாக இருந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

பிள்ளைக்கு அந்தக் கதி வரவில்லை. காரணம், சாஸ்திரியார் என்ற அவரது ஆசிரியர். தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்க வைத்தார். பிறகு ஸ்காலர்ஷிப்பில் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ.

1927ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி போன்ற பேராசிரியர்களின் வழிகாட்டல் கிடைத்தது. 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அது அப்போதுதான் பிறந்த பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் இல்லை, உலகக் கணிதத்தின் பெரிய மையங்கள் எல்லாம் கடல் கடந்து. அந்தச் சிதம்பரத்தில் இருந்துகொண்டுதான் உலகமே திரும்பிப் பார்க்கிற வேலையைச் செய்தார்.

1770ல் வேரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிய கேள்வி அது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கனங்கள் என்றால் ஒன்பது போதும். ஆறாம் அடுக்கு என்றால்? 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2ன் ஆறாம் அடுக்கு 64, 3ன் ஆறாம் அடுக்கு 729. 729 பெரிதாகிவிட்டது, உதவாது. பத்து 64களும் 63 ஒன்றுகளும்தான் வழி. ஆக 73 வேண்டும். எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று 1940ல் நிரூபித்தவர் பிள்ளை. அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் 1935-36லேயே விடை கண்டிருந்தார். அதே சமயம் அமெரிக்காவில் டிக்சனும் தனியாக அதே விடைக்கு வந்தார்.

இன்று டிஸ்கிரீட் மேத்ஸ் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு இன்னொன்று. அடுத்தடுத்து வரும் எண்களை 16 வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றாவது இருக்கும். 17 எடுத்தால் இந்த விதி தவறலாம். 2184 முதல் 2200 வரை போட்டுப் பாருங்கள்: 2189க்கு 2200ம், 2197க்கு 2184ம் துணை. இதையும் நிரூபித்தவர் பிள்ளைதான்.

1941ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், 1942ல் கல்கத்தா பல்கலைக்கழகம். 1950ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிலையம் ஓராண்டுக்கு அழைத்தது. அதற்கு முன் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. புறப்பட்டார். ஆகஸ்ட் 31ல் கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49தான்.

2010ல் அவரது ஆய்வுக் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சாஸ்திரியாரின் நினைவுதான் வருகிறது. பெரிய பணக்காரர் அல்ல; மாதச் சம்பளக்காரர். நம்மைப் போலத்தான்! ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும் ஒரு பையனையோ பெண்ணையோ நாம் ஆளுக்கொருவர் ஏற்றுக்கொண்டால் என்ன? அதில் ஒரு பிள்ளை இருக்கலாம். இல்லாவிட்டாலும் ஒரு பிள்ளை படித்துவிடும்.